திரும்பிப் பார்த்த முகம்

ஜூலை 19, 1997. சனி

வந்திருந்தவர்கள்: தலைவி ரோஸ்லின் டீச்சர், துணைத் தலைவி சூசையம்மாள், பொருளாளர் கிளாடிஸ், உறுப்பினர்கள் பவுலின், மரிய செல்வி, தாசம்மாள், செயலராகிய நான் பிரகாசி. ஆக ஏழு பேர். என் தங்கை எமரன்சியும் உடன் இருந்தாள். வீட்டில் தனியே விட்டுவிட்டு வர முடியாது என்பதால் கூட்டிக்கொண்டு போவது. எங்கள் கோவில் சங்கமான மரியாயின் சேனையில் அவள் உறுப்பினர் இல்லை. ஆகவே எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

கூட்ட அறிக்கை நோட்டில் இதுவரைதான் எழுதினேன். மிச்சத்தை அதில் எழுதக் கை வரவில்லை. இந்த நோட்டு என் சொந்த நோட்டு. இதில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினைந்து திருவிழாவுக்காக இன்று கோவில் சுத்தம் செய்தோம். இடது பக்கப் பீடத்தில் மாதா சுரூபம் இல்லை. மூக்கு நுனி உடைந்துபோனதால் சுரூப வேலைக்காரர் இன்னாசி பத்து நாளைக்கு முன்பே இறக்கி, பங்குச் சாமியார் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைத்திருக்கிறார். சுரூபம் நின்ற கண்ணாடிக் கூட்டில் நேற்று ஏதோ வைத்துப் பூட்டிவிட்டு, மகள் பிரசவத்துக்கு மதுரைக்குப் போய்விட்டார். உபதேசியாரிடம் கேட்டதற்கு, "முகம் காயுதாம். ஒரு வாரத்துக்கு யாரும் தொடப்பிடாதாம்" என்றார். வெறும் சுண்ணாம்பு முகத்தைப் பீடத்தில் மொட்டையாக விட்டுவைக்க யாருக்கும் மனம் இல்லை. சாவி வாங்கி, நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, நீலப் பட்டுத் துணியை முக்காடு போலச் சுற்றிலும் வைத்தேன். மாதாவின் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம் இல்லை. மரியாதை இல்லை என்று அம்மா சொல்லி வளர்த்தது. தலையைக் குனிந்துகொண்டு, ஓரத்தை மட்டும் விரலால் தடவி மடித்துவிட்டு இறங்கினேன்.

வேலை முடிந்து நாலரை மணி. பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதித் தடுப்பின் ஓரம் முழந்தாளிட்டு என் காரியத்தை மாதாவிடம் வைத்தேன். என் காரியம் இதுதான். எமரன்சிக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வயதில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தது. அம்மா போனபிறகு பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறாள். துபாயில் இருக்கும் எங்கள் தம்பி ரெக்சன், திண்டுக்கல் பக்கம் மனநோயாளிப் பெண்களுக்கான கருணை இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வாங்கிவிட்டான். படிவம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆகஸ்ட் ஐந்துக்குள் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டால் அவள் கடைசிவரை அங்கேதான். "கையெழுத்துப் போடலாம் என்றால் ஓர் அடையாளம் காட்டும் தாயே" என்று கேட்டேன்.

எழுந்து பக்கவாசலுக்கு நடந்தேன். மாதா முகம் என்னோடு திரும்பியது. நின்றேன், நின்றது. மறுபடி நடந்தேன். வாசல்வரைக்கும் என்னையே பார்த்தபடி வந்தது.

டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சரும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் நடந்து பார்த்தார்கள். பவுலின் அழுதாள். அந்த அமைதியில் எமரன்சி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அக்கா, அது குழி. மூக்கு உள்ள போயிருக்கு. சளி பிடிச்சா மாதா எப்படிச் சிந்துவாங்க?"

டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. எமரன்சியின் கையில் கிள்ளி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடையாளம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரை: காலை 1, இரவு 1.

ஜூலை 20. ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இடது பக்கப் பீடத்துக்கு முன்னால் தூணிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து தூணுக்குமாக ஊரே நடக்கிறது. கிராதியைத் தாண்டி யாரையும் விடவில்லை, உபதேசியார் கயிறு கட்டிவிட்டார்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் கண்காணி. எதையும் லேசில் நம்பாதவர். அவரும் இரண்டு தடவை நடந்தார்.

"மாதா உங்களப் பாத்தாங்களா?" என்றேன்.

"பாத்தாங்க."

"அப்ப நம்புதியளா?"

"உச்சிவெயில்ல உப்பளத்து ரோட்டுல தண்ணி கெடக்கற மாதிரி தெனமும் தெரியும். இருவத்தாறு வருஷமாப் பாக்கேன். ஒரு நாளும் செருப்பக் கழட்டுனதில்ல."

இவரிடம் கேட்டது என் தப்பு.

மாத்திரை: காலை 1, இரவு 1.

ஜூலை 21. திங்கள்

பருப்பு ஊறவைத்து அரைத்து வடை. எமரன்சி இறால் உரித்தாள், ஒன்றுகூட வால் அறுபடவில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பேனாவில் மை இல்லை.

மாத்திரை: 1, 1.

ஜூலை 22. செவ்வாய்

மத்தியானம் ரோஸ்லின் டீச்சர் வந்தார்கள். மோர் கொடுத்தேன். எமரன்சி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிரகாசி, நான் சொல்லுதேன்னு கோவப்படாத. ஊர்ல நானூறு சனம் பாத்தாச்சு. பச்சப்புள்ளைக்குக்கூட முகம் தெரியுது. உன் தங்கச்சிக்கு மட்டும் குழின்னா என்ன அர்த்தம்?"

"அவளுக்குச் சொகமில்லேல்லா டீச்சர்."

"அதத்தான் சொல்லுதேன். மாதா அவளுக்கு முகத்த மறைக்காங்க. உள்ள எதோ இருக்கு, மாத்திரை அதத் தூங்கவைக்குது, வெளியேத்தல. ஒம்போது நாள் நவநாள் சொல்லு. அந்த ஒம்போது நாளும் மாத்திரை கெடையாது. பத்தாம் நாள் பீடத்துக்கு முன்னால நிறுத்துவோம். முகம் தெரிஞ்சா சொகம். தெரியலன்னா தம்பி சொன்ன எடத்துக்கு அனுப்பிரு. நீயும் எத்தன வருஷம் சொமப்ப?"

கடைசியில் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி என்னைக் கேட்டதில்லை.

டீச்சர் கெட்ட மனுஷி இல்லை. எமரன்சிக்கு முதல் தடவை முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். இதையும் எழுதிவைக்கிறேன்.

மாத்திரை: 1, 1. இரவு போட்டபிறகு எண்ணினேன். பெட்டியில் 34.

ஜூலை 23. புதன்

நவநாள் முதல் நாள். பெட்டியை இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜூலை 24. வியாழன்

இரண்டாம் நாள். எமரன்சி நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். இருதய ஆண்டவர் படம் நேராக இருக்கிறது. நேற்று நான் வைத்தபோது கொஞ்சம் சாய்ந்ததாக ஞாபகம்.

ஜூலை 25. வெள்ளி

மூன்றாம் நாள். மத்தியானம் கோவிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எமரன்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தாம் நாள்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் நான் நடந்தேன். மாதா என்னோடு திரும்பினார்கள். பிறகு அவளை நடக்கச் சொன்னேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"குழி."

"ஒழுங்காப் பாருளா. கண்ணு தெரியலயா? வாயி தெரியலயா?"

"எல்லாம் தெரியுது. உள்பக்கமாத் தெரியுது. ஜெல்லி வைக்கிற கிண்ணம் மாதிரி."

"அப்ப திரும்புறது?"

"எது திரும்புது? நீதான் நடக்க."

கோபம் வந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் திமிறவில்லை. கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது?"

"வலது பக்கம்."

"அப்ப வலது கன்னம்லா வெளுப்பா இருக்கணும். எந்தக் கன்னம் வெளுப்பா இருக்கு, நீயே பாரு."

பார்த்தேன். இடது கன்னம் வெளுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னம் நிழலில் இருந்தது.

மாதாவின் வெளிச்சம் மாதாவுக்குள்ளிருந்தே வரலாம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். சாயங்காலம் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்துப் பார்த்தேன். விளக்கு இருக்கும் பக்கம்தான் வெளுக்கிறது. உடைத்து, உள்பக்கம் திருப்பி வைத்தேன். எதிர்ப்பக்கம் வெளுத்தது.

தேங்காயை வீணாக்காமல் சட்னி அரைத்தேன்.

ஜூலை 26. சனி

வந்திருந்தவர்கள்: ஏழு பேரும். பங்குத்தந்தை ஜெரோசின் சாமியாரும் வந்து உட்கார்ந்தார். சின்ன வயது, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வர ஆரம்பித்துவிட்டதாம். மறைமாவட்ட மேற்றிராணியாருக்கு எழுத வேண்டுமாம்.

"முதல் நாள் யார் யார் இருந்தீங்க, எங்க நின்னீங்க, என்ன பாத்தீங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும். அழகா எழுத வேண்டாம், உள்ளபடி எழுதுங்க. யாராவது பாக்காதவங்க இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல ஃபாதர்" என்றார்கள் டீச்சர்.

எழுத்து என் வேலை, பேச்சு டீச்சர் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் எமரன்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில், "நாலு நாளா மாத்திரை இல்ல. எப்படித் தெளிவா இருக்கா பாத்தியா? இதுவே அதிசயம்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போன வருஷம் மூன்று நாள் மாத்திரை தவறியதற்கே, வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தவள். இன்றைக்கு உட்கார்ந்து எட்டு முழம் மல்லிகை கட்டினாள்.

வீட்டுக்கு வந்து சாமியாருக்கு எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாவதுவரை. மற்றதெல்லாம் கடையில் சாமான் மடித்துத் தரும் காகிதத்தையும் ஞாயிறு வாசகப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது. எழுத்து சுமாராக இருக்கும், ஆனால் எண்ணிக்கை தப்பாது. எமரன்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என் பேரக் காணோம்."

"நீ உறுப்பினர் இல்லேல்லா."

"அவர் கேட்டது யார் இருந்தீங்கன்னுதான? நானும் அங்கதான நின்னேன். நீ கிள்ளுன எடம் இன்னும் இருக்கு."

கையைக் காட்டினாள். ஒரு வாரமாகியும் மஞ்சளாகத் தெரிகிறது.

ஜூலை 27. ஞாயிறு

சாமியாரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தேன்: "என் தங்கை எமரன்சியும் அங்கே இருந்தாள். அது குழி என்று அவள் மட்டும் சொன்னாள். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வரும்போது இடது கன்னம் வெளுப்பாக இருப்பதையும் காட்டினாள், அது உண்மை." டீச்சருக்குக் காட்டாமல் கொடுத்தேன். சாமியார் அங்கேயே நின்று படித்தார். அந்தக் கடைசி இடத்தை இரண்டு தரம் படித்தார்.

"இன்னாசி எப்ப வாறார்?" என்று உபதேசியாரைக் கேட்டார்.

"நாளைக்கு ஃபாதர். பொம்பளப் புள்ள பிறந்திருக்காம்."

ஜூலை 28. திங்கள்

காலை பத்தரை மணிக்குக் கோவிலில் இருந்தவர்கள்: ஜெரோசின் சாமியார், சுரூப வேலைக்காரர் இன்னாசி, உபதேசியார், ரோஸ்லின் டீச்சர், நான், எமரன்சி. எமரன்சியையும் கூட்டிவரச் சொன்னது சாமியார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்னாசி கூட்டைப் பார்த்ததும், "இதுக்கு எதுக்கு முக்காடு?" என்றார்.

"அதுக்குப் பிறகு வருவோம். அது என்ன, சொல்லுங்க" என்றார் சாமியார்.

"அச்சு, ஃபாதர். பழைய மூக்க அளவு மாறாமச் செய்யணும்லா? உடைஞ்ச துண்ட மெழுகுல ஒட்டி வெச்சிட்டு, முகத்து மேல சுண்ணாம்பு அப்பி அச்செடுத்தேன். உள்பக்கம் காத்துப்பட்டுக் காயட்டும்னு அதத் திருப்பி வெச்சேன். கொட்டகைல கோழி ஏறுது. இங்கன்னா பத்திரமா இருக்கும்னு..."

அவர் பேசிக்கொண்டே பூட்டைத் திறந்து, துணியை எடுத்துவிட்டு, அதைத் தூக்கி இறக்கினார். கையில் பார்த்தால் தண்ணீர்ச் சட்டி போல இருந்தது. பின்பக்கம் கரடுமுரடாக வெறும் சுண்ணாம்புக் கட்டி. முன்பக்கம் பள்ளம். சாமியார் விரலை மூக்கிருந்த இடத்தில் விட்டார். விரல் இரண்டு கணு உள்ளே போனது.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "அப்ப திரும்புனது? நானூறு சனமும் பொய்யா சொல்லுது?"

"பொய் இல்ல டீச்சர். எங்க பட்டறையில ஆறு அச்சு கெடக்கு. எங்க நின்னாலும் ஆறும் நம்மளத்தான் பாக்கும். என் வீட்டுக்காரி துணி போட்டு மூடாம உள்ள காப்பி கொண்டு வரமாட்டா."

சாமியார் அச்சை மறுபடி கூட்டில் வைக்கச் சொன்னார். எங்களைத் தூண் பக்கம் நின்று நடக்கச் சொன்னார். நடந்தேன். இப்போது எல்லாம் தெரியும். பின்பக்கத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று, அவர் விரல் உள்ளே போனதையும் பார்த்தாயிற்று. அப்படியிருந்தும் முகம் வெளியே புடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்துத் திரும்பியது. கண்ணை மூடித் திறந்தேன். மறுபடியும் திரும்பியது.

"தெரிஞ்ச பிறகும் தெரியுதே ஃபாதர்" என்றேன்.

"எனக்கும்தான். முகம்னா வெளியதான் இருக்கும்னு மனசு முடிவு பண்ணிட்டு, கண்ணு கொண்டுவாறத மாத்தி வெச்சிருது. நம்ம சொன்னா அது கேக்கறதில்ல." பிறகு எமரன்சியிடம், "உங்களுக்கு?" என்று கேட்டார். அவளை யாரும் 'உங்களுக்கு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"குழி" என்றாள் எமரன்சி. "அன்னைக்கே சொன்னேன்."

டீச்சர்தான், "அதுக்காக மாதாவுக்குச் சளிங்கறதெல்லாம் பேசலாமாட்டி?" என்றார்கள். எமரன்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அச்சுதான டீச்சர், மாதா இல்லயே" என்றாள். இன்னாசி இருமுவது போல வாயை மூடிக்கொண்டார்.

மாதா எனக்கு அடையாளம் காட்டவில்லை. அதற்கு எனக்கு வருத்தம் இருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து வரும்போது தேடிப் பார்த்தேன், வருத்தம் இல்லை. தலையில் இருந்த குடத்தை யாரோ இறக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. இன்னொன்றும் எழுத வேண்டும். நான் மாதாவிடம், "போடலாம் என்றால் அடையாளம் காட்டும்" என்று கேட்டேன். "போட வேண்டாம் என்றால் காட்டும்" என்று கேட்கவில்லை. எது வந்தாலும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளும்படிதான் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 29. செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதலில் மாத்திரை ஞாபகம்தான். ஆறு நாள் கொடுக்கவில்லை. முகம் பொய்யென்றால் நவநாளுக்கு மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் சேர்ந்துதான் பொய். படத்துக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தேன்.

எண்ணினேன். 21.

தரையில் கொட்டி, பத்துப் பத்தாக வைத்து மறுபடி எண்ணினேன். 21தான். இருபத்திரண்டாம் தேதி நோட்டைப் புரட்டினேன். 34 என்று என் கையெழுத்து. பதின்மூன்று குறைகிறது.

எமரன்சி அடுக்களையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரைய நீ எடுத்தியா?"

"நீ தரலயே. மறந்துட்டன்னு நெனச்சேன். உனக்கும் வயசாகுதுல்லா."

"எப்படி எடுத்த?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பெட்டி மேல நீதான எழுதி ஒட்டியிருக்க? இன்னைக்குக் காலைல போட்டாச்சு."

ஆறு நாளுக்குப் பன்னிரண்டு, இன்று காலை ஒன்று. பதின்மூன்று. கணக்கு சரியாக இருக்கிறது.

"பெட்டி அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இருதய ஆண்டவர் ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னாரு. உனக்குத் தெரியலயா? நான்தான் நேராக்கி வெச்சேன். தெனமும் நேராக்கி வெச்சேன்."

முறத்தை வாங்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். "விடுக்கா, உமி ஒட்டுது" என்றாள்.

மாத்திரை இல்லாமலே தெளிவாக இருக்கிறாள், அதிசயம் என்று இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். அது கோவிலில் பார்த்தது இல்லை. ஆறு நாளும் என் அடுக்களையில், என் கண்ணெதிரே இருந்தவளைப் பார்த்து எழுதியது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவ போடாம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே, "சரி, போட்டாள்லா" என்று எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைத்தார்.

மாத்திரை: காலை 1 (அவளே), இரவு 1 (அவளே).

ஜூலை 31. வியாழன்

ஆஸ்பத்திரி நாள். டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தியதற்குச் சரியான திட்டு. வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் படிச்சிருக்கேன்மா. இந்த நோய் இருக்கிற பலபேருக்கு அந்த மாதிரி அச்சு குழியாவே தெரியும்னு எழுதியிருக்காங்க. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. நம்ம மனசு அவசரப்பட்டு முகம்னு திருத்துற எடத்துல, அவங்களுக்கு அந்தத் திருத்தம் அவ்வளவா நடக்கறதில்லபோல."

"அப்ப எங்க ஏழு பேருக்கும் என்ன நோய் டாக்டர்?"

சிரித்தார். "நோய் இல்ல, பழக்கம். பொறந்த நாள்லேருந்து அம்மா முகத்தப் பாத்து வந்த பழக்கம். ஆனா ஒண்ணு. இதுல அவங்க சரியாப் பாத்ததால நோய் இல்லன்னு ஆயிடாது. மாத்திரை மாத்திரைதான்."

"அதைத்தான் நானும் இவகிட்டச் சொன்னேன்" என்றாள் எமரன்சி. அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை.

காதுக்குள் பேச்சு கேட்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "எப்பவாவது. இப்பல்லாம் மெதுவாப் பேசுறாங்க" என்றாள். இதையும் எழுதிவைக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ரோட்டில் தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. "தண்ணி தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டேன். "தெரியுது" என்றாள். "ஆனா அது தண்ணி இல்லேல்லா?" எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதிலாவது இருவரும் ஒன்று.

ஆகஸ்ட் 2. சனி

வந்திருந்தவர்கள்: தலைவி ரோஸ்லின் டீச்சர், சூசையம்மாள், கிளாடிஸ், பவுலின், மரிய செல்வி, தாசம்மாள், பிரகாசி, எமரன்சி. ஆக எட்டுப் பேர்.

கூட்ட அறிக்கை நோட்டிலேயே இப்படி எழுதி உரக்க வாசித்தேன். துணை உறுப்பினராக அவளைச் சேர்க்கலாமா என்று டீச்சரே கேட்டு, அவளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். தோரணம் கட்டும்போது, "ஏ எமரன்சி, இது நேரா இருக்கா, இங்க வந்து பாரு" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் அவள், "இல்ல" என்றாள். மூன்று தடவையும் டீச்சர் அவிழ்த்துக் கட்டினார்கள்.

மாதா சுரூபத்தை இன்று கூட்டில் ஏற்றினோம். புது மூக்கு நன்றாக இருக்கிறது. இந்த முறை நான் ஸ்டூலில் ஏறி, நேரே முகத்தைப் பார்த்துத் துணி சாத்தினேன். இறங்கி வாசல்வரை நடந்தேன். மாதா திரும்பவில்லை. நேரே பீடத்துக்கு எதிரே பார்த்தபடி இருந்தார்கள். அங்கே எமரன்சி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

நாளை தபாலில் சேர்ப்பதற்கு எழுதியது. நகல்:

அன்புள்ள தம்பி ரெக்சனுக்கு அக்கா பிரகாசி எழுதுவது. இங்கே அத்தானும் நானும் எமரன்சியும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் உன் வீட்டார் சுகத்துக்கும் மன்றாடுகிறோம்.

நீ அனுப்பிய படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன். நாளைத் தபாலில் இல்லத்துக்கே நன்றி சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். காரணம் பெரிய கதை, நீ வரும்போது எமரன்சியே சொல்லுவாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று உண்மை. நான் களைத்துப்போயிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மாதாவிடம் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டியது உன்னிடம்.

டிசம்பர் லீவுக்கு நீங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வரும்போது ஒரு மாதம் எமரன்சியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் தொந்தரவு செய்யமாட்டாள். இறால் உரிப்பாள், பூக் கட்டுவாள். மாத்திரையை அவளே போட்டுக்கொள்வாள், நீங்கள் எண்ணிப் பார்த்தால் போதும். சில நாள் காதுக்குள் பேச்சு கேட்கிறது என்பாள். அப்போது பயப்படாமல் பக்கத்தில் இருந்தால் சரியாகிவிடும். சுவரில் படம் சாய்ந்திருந்தால் நேராக்கிவிடுவாள், அதற்குக் கோபப்பட வேண்டாம்.

அந்த ஒரு மாதம் நானும் அத்தானும் வேளாங்கண்ணிக்குப் போய்வந்து, மிச்ச நாளை வீட்டில் தூங்கிக் கழிப்போம்.

முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ளமாட்டேன். ஒரு வரி போதும். கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.